இனி பிறக்கப்போகிறவர்களுக்கும் நிலத்தில் பங்கு வைத்த உமர் (ரலி)

இரண்டாம் கலீஃபா உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களின் நீதி, எளிமை, இரவு நேர நகர்வலம் ஆகியவையே நம் பயான்களில் அதிகம் இடம்பெறுகின்றன. அவர்கள் நிலத்தை எப்படி நிர்வகித்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எந்த நிலத்தைப் பங்கிடலாம், எதைப் பங்கிடக் கூடாது, உழாமல் போட்ட நிலத்தை என்ன செய்வது, மேய்ச்சல் காட்டில் முதலில் யாருடைய ஆடு நுழைய வேண்டும், அடுத்தவர் வயல் வழியாக வாய்க்கால் வெட்டலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அவர்கள் தம் பத்தாண்டு ஆட்சியில் விடை சொன்னார்கள். பிற்கால ஃபிக்ஹு நூல்களில் நிலம் பற்றிய பாடங்கள் பல அந்த விடைகளின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

ஒட்டகம் மேய்த்த இளமை

உமர் (ரலி) அவர்கள் மக்காவில் குறைஷிக் குலத்தின் பனூ அதீ கிளையில் பிறந்தவர்கள். இளமையில் தந்தை கத்தாபின் ஒட்டகங்களை மக்காவுக்கு அருகிலுள்ள ளஜ்னான் என்ற இடத்தில் மேய்த்தார்கள். தந்தை கடுமையானவர். நன்றாக வேலை வாங்குவார், குறை கண்டால் அடிப்பார். பல ஆண்டுகளுக்குப் பின் கலீஃபாவாக அந்த வழியே சென்றபோது அந்த நாட்களை நினைவுகூர்ந்து, இன்று தமக்கு மேலே அல்லாஹ்வைத் தவிர வேறு எவரும் இல்லை என்பதை எண்ணி நெகிழ்ந்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. புல் எங்கே முளைக்கும், தண்ணீர் எங்கே நிற்கும், சிறு மந்தைக்காரனின் கஷ்டம் எப்படிப்பட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு அனுபவப் பாடம்.

பிறகு வணிகத்தில் ஈடுபட்டார்கள். நபித்துவத்தின் 6ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவின் மேட்டுப்பகுதியான அவாலியில் குடியிருந்தார்கள். அங்கிருந்து ஒருநாள் அவர்களும் மறுநாள் அண்டைவீட்டு அன்சாரித் தோழரும் மாறி மாறி நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் சென்று, கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

கைபர் நிலமும் முதல் பாடமும்

ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிக்குப் பின் அங்கிருந்த நிலங்களில் ஒரு பகுதியை நபி (ஸல்) அவர்கள் போரில் கலந்துகொண்டவர்களுக்குப் பங்கிட்டார்கள். உழைத்துப் பழகிய யூதக் குடியானவர்கள் விளைச்சலில் பாதி தரும் ஒப்பந்தத்தின் பேரில் தொடர்ந்து பயிர் செய்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நல்ல நிலம் கிடைத்தது. அதைவிட மதிப்புள்ள சொத்து அதுவரை அவர்களிடம் இருந்ததில்லை.

அதை என்ன செய்வது என்று நபியவர்களிடமே ஆலோசனை கேட்டார்கள். அடிநிலத்தை நிறுத்திவைத்து, அதன் விளைச்சலை தர்மமாக்கிவிடுமாறு நபியவர்கள் வழி காட்டினார்கள். அதன்படி அந்த நிலத்தை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுரிமையாகப் பிரிக்கவும் கூடாது என்று உமர் (ரலி) நிபந்தனை வைத்தார்கள். விளைச்சல் ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் அடிமைகளை விடுவிப்பதற்கும் வழிப்போக்கர்களுக்கும் விருந்தினர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். நிலத்தைப் பராமரிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம், ஆனால் சொத்து சேர்க்கக் கூடாது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ள இந்தச் செய்தியே வக்ஃபுச் சட்டத்தின் அடிப்படை ஆதாரம்.

நிலத்தின் பலனை இன்றிருப்பவர் அனுபவிக்கலாம், ஆனால் நிலத்தை இன்றோடு தீர்த்துவிடக் கூடாது என்ற இந்தப் பாடம், பின்னாளில் ஒரு பெரிய சோதனையில் உமர் (ரலி) எடுத்த முடிவிலும் தெரிகிறது.

ஸவாது: மூன்று நாள் நீண்ட விவாதம்

ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) அபூபக்ர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் உமர் (ரலி) கலீஃபாவானார்கள். சில ஆண்டுகளுக்குள் காதிஸிய்யா, ஜலூலா போர்களின் விளைவாக யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட செழிப்பான வண்டல் சமவெளி முஸ்லிம்களின் ஆளுகைக்குள் வந்தது. பாலைவனத்திலிருந்து பார்த்தால் பேரீச்சமரங்களும் பயிர்களும் கரும்பச்சையாகத் தெரிந்ததால் அரபுகள் அதை ஸவாது, அதாவது கருமை என்று அழைத்தார்கள்.

இந்த நிலத்தைத் தங்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று படைவீரர்கள் கேட்டார்கள். அவர்களின் கோரிக்கை நியாயமற்றது அல்ல. கைபரில் நபியவர்கள் பங்கிட்ட முன்மாதிரி இருந்தது. வாளேந்தி வென்றவர்கள் அவர்கள். பிலால் (ரலி), அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற மூத்த ஸஹாபாக்களே பங்கீட்டின் பக்கம் நின்றார்கள். எகிப்து வெற்றியின்போது ஸுபைர் (ரலி) அவர்களும் இதே கோரிக்கையை வைத்தார்கள்.

உமர் (ரலி) அவர்களின் மனம் அதற்கு ஒப்பவில்லை. இன்றிருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் பங்கிட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதே அவர்களின் கேள்வி. எல்லைக் காவலுக்கும் புதிய நகரங்களுக்கும் ஆண்டுதோறும் செலவு இருக்கிறது. விதவைகளும் அநாதைகளும் இருக்கிறார்கள். நிலம் தனியார் கைக்குப் போய்விட்டால் இவர்களுக்கெல்லாம் எதிலிருந்து கொடுப்பது? பங்கிட்டால் வாய்க்கால் தண்ணீருக்காக முஸ்லிம்கள் தமக்குள் மோதிக்கொள்வார்கள் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. ஆறுகளிலிருந்து பிரியும் கால்வாய்களை நம்பியே ஸவாதின் விவசாயம் நடந்ததால் அந்த அச்சம் வீணானது அல்ல.

ஷாமின் ஜாபியா என்ற ஊரில் முஆத் இப்னு ஜபல் (ரலி) சொன்ன யோசனையும் இதற்கு வலு சேர்த்தது. பங்கிட்டால் பெரும் வருவாய் முதலில் சிலர் கையில் சேரும், அவர்கள் மறைந்தபின் அது தனியொரு ஆணிடமோ பெண்ணிடமோ போய்க் குவியும், பின்னால் இஸ்லாத்தைக் காக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள் என்று அவர்கள் எச்சரித்தார்கள். ஆகவே முன்னவருக்கும் பின்னவருக்கும் போதுமான ஒரு வழியைத் தேடுமாறு கேட்டுக்கொண்டார்கள்.

உமர் (ரலி) தம் அதிகாரத்தைக் கொண்டு முடிவைத் திணிக்கவில்லை. முதலில் முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. உஸ்மான், அலீ, தல்ஹா, இப்னு உமர் (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகியோர் கலீஃபாவின் கருத்தை ஆதரித்தார்கள். பிறகு அன்சார்களின் அவ்ஸ் கோத்திரத்திலிருந்து 5 பேரையும் கஸ்ரஜ் கோத்திரத்திலிருந்து 5 பேரையும் அழைத்து, தாமும் அவர்களில் ஒருவரே என்று சொல்லி, சத்தியம் எதுவோ அதை மட்டும் பேசுமாறு வேண்டினார்கள். இரண்டு மூன்று நாட்கள் விவாதம் நீண்டது. இறுதியில் சூரா அல்ஹஷ்ரின் 7 முதல் 10 வரையிலான வசனங்களில் அவர்கள் ஆதாரம் கண்டார்கள். அந்த வசனங்கள் முஹாஜிர்களையும் அன்சார்களையும் குறிப்பிட்டபின் அவர்களுக்குப் பின் வருகிறவர்களையும் குறிப்பிடுகின்றன. அல்லாஹ்வே பின்வருவோரைச் சேர்த்திருக்கும்போது தாம் எப்படி அவர்களை விட்டுவிட்டுப் பங்கிட முடியும் என்று உமர் (ரலி) விளக்கியதும் சபை ஏற்றுக்கொண்டது.

முடிவு இதுதான்: படைவீரர்கள் கைப்பற்றிய அசையும் பொருட்கள் வழக்கம்போல் பங்கிடப்படும். நிலமும் கால்வாய்களும் பங்கிடப்படாது. ஏற்கெனவே உழுதுவந்த குடியானவர்களே தொடர்ந்து உழுவார்கள், கராஜ் என்னும் நிலவரி செலுத்துவார்கள். அந்த வருவாய் பைத்துல்மாலில் சேர்ந்து எல்லாருக்கும் பயன்படும். பாரசீக மன்னர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தவையும் உரிமையாளர் ஓடிப்போனவையும் பொது நிலங்களாகத் தனியே வைக்கப்பட்டன.

இதில் இழப்பு அடைந்தவர்களையும் உமர் (ரலி) மறக்கவில்லை. பஜீலா கோத்திரத்தாருக்கு ஸவாதில் நான்கில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டு, 2 அல்லது 3 ஆண்டுகள் அவர்கள் அதை அனுபவித்திருந்தார்கள். அதைத் திரும்பக் கேட்டபோது கோத்திரத் தலைவர் ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) இசைந்தார்கள். அவர்களுக்கு 80 தீனார் வழங்கப்பட்டது. அதே கோத்திரத்தைச் சேர்ந்த உம்மு குர்ஸ் என்ற பெண்மணி மட்டும் இசையவில்லை. தம் தந்தை காதிஸிய்யாவில் பங்கெடுத்தவர், அவர் பங்கை இலவசமாக விட முடியாது என்று வாதாடினார். சாதுவான ஒட்டகமும் அதன்மேல் சிவப்பு விரிப்பும் கை நிறையத் தங்கமும் கேட்டார். உமர் (ரலி) கேட்டதைக் கொடுத்து அவரின் சம்மதத்தைப் பெற்றார்கள். கலீஃபா வீரர்களின் சம்மதம் பெற்றே நிலத்தை நிறுத்திவைத்தார்கள் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) கருதுவதற்கு இந்த நிகழ்வு ஓர் ஆதாரம். இமாம் மாலிக் (ரஹ்) அந்த நிலங்களை முஸ்லிம் சமுதாயம் முழுமைக்குமான வக்ஃபாகவே பார்த்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) பங்கிடுவதா நிறுத்திவைப்பதா என்பது ஆட்சியாளரின் தேர்வு என்றார்கள்.

அளந்தபின் வரி

நிலத்தை அளக்காமல் வரி போட்டால் அநீதி நேரும். எனவே அன்சாரித் தோழர் உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களையும் ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) அவர்களையும் ஸவாதை அளக்க அனுப்பினார்கள். விளையும் நிலமும் நீர் எட்டக்கூடிய தரிசுமாக 3 கோடியே 60 லட்சம் ஜரீப் அளக்கப்பட்டதாக அபூ யூஸுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்கிறார்கள். ஒரு ஜரீப் என்பது 60 முழ நீளமும் 60 முழ அகலமும் கொண்ட சதுரம்.

வரி விகிதம் பற்றிய அறிவிப்புகளில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஓர் அறிவிப்பின்படி ஒரு ஜரீபுக்கு திராட்சைக்கு 10 திர்ஹம், பேரீச்சைக்கு 8, கரும்புக்கு 6, கோதுமைக்கு 4, வாற்கோதுமைக்கு 2 என்று நிர்ணயிக்கப்பட்டது. கூடுதல் வருமானம் தரும் பயிருக்குக் கூடுதல் வரி, அன்றாட உணவுத் தானியத்துக்குக் குறைந்த வரி என்ற ஒழுங்கு இதில் தெரிகிறது. வேறோர் அறிவிப்பு, நீர் எட்டும் நிலம் உழப்பட்டாலும் உழப்படாவிட்டாலும் வரி உண்டு என்கிறது. நீரிருந்தும் நிலத்தைச் சும்மா போட்டுவைப்பவருக்கு அது ஒரு தூண்டுதல்.

ஆண்டுதோறும் கராஜ் வந்து சேரும்போது கூஃபாவிலிருந்து 10 பேரும் பஸ்ராவிலிருந்து 10 பேரும் மதீனா வர வேண்டும். அந்தப் பணத்தில் முஸ்லிமிடமோ ஒப்பந்தக் குடிமக்களான முஸ்லிமல்லாதவரிடமோ அநியாயமாகப் பறித்தது எதுவும் இல்லை என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு அவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். வரிப்பணம் எவ்வளவு என்று கேட்கும் ஆட்சியாளர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அது எப்படி வந்தது என்று இப்படி விசாரித்தவர்கள் அரிது.

உழாத நிலம் கைமாறும்

நிலம் வைத்திருப்பது ஓர் உரிமை மட்டுமல்ல, அதைப் பயன்படுத்தும் பொறுப்பும் சேர்ந்தது என்பதில் உமர் (ரலி) உறுதியாக இருந்தார்கள். தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கே அது சொந்தம் என்பது நபிவழி. சிலர் கற்களை நட்டு எல்லை மட்டும் குறித்துவிட்டு, உழாமல் போட்டுவைத்தார்கள். அப்படிச் செய்தவருக்கு 3 ஆண்டுகளுக்குப் பின் அதில் உரிமை இல்லை என்று உமர் (ரலி) சட்டம் வகுத்தார்கள்.

பிலால் இப்னுல் ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்கு மதீனாவுக்கு அருகிலுள்ள அகீக் பள்ளத்தாக்கை நபி (ஸல்) அவர்களே வழங்கியிருந்தார்கள். பரந்த நிலம் அது. உமர் (ரலி) ஆட்சிக்கு வந்தபோது அதில் பெரும் பகுதி பண்படுத்தப்படாமல் கிடந்தது. உழ முடிந்த அளவை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருமாறு கலீஃபா கேட்டார்கள். நபியவர்கள் தந்ததை விட முடியாது என்று அவர் மறுத்தார். நபியவர்கள் நிலத்தைத் தந்தது பயிரிடுவதற்கே தவிர மக்களைத் தடுத்துவைப்பதற்கு அல்ல என்று விளக்கி, பயன்படாத பகுதியை எடுத்து மக்களுக்குப் பங்கிட்டார்கள்.

ளஹ்ஹாக் இப்னு கலீஃபா அவர்களின் வாய்க்கால் வழக்கும் இத்தகையதே. உரைள் பகுதியிலிருந்து தம் வயலுக்கு வாய்க்கால் கொண்டுவர வேண்டுமானால் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களின் நிலத்தைக் கடக்க வேண்டும். அவரோ ஒப்புக்கொள்ளவில்லை. அவர் நிலமும் முதலிலும் கடைசியிலும் அந்த நீரில் பாய்ச்சிக்கொள்ளலாம், இழப்பு ஏதும் இல்லை. வழக்கு கலீஃபாவிடம் வந்தது. தமக்கும் பயன் உண்டு, கேடும் இல்லை என்னும்போது சகோதரருக்கு ஏன் தடை செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அப்போதும் அவர் மறுக்கவே, வாய்க்காலை வெட்டும்படி உத்தரவிட்டார்கள். இமாம் மாலிக் (ரஹ்) இதை முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

மேய்ச்சல் காட்டில் ஏழைக்கு முதலிடம்

ஜிஹாதுக்கான குதிரைகளும் ஜகாத் ஒட்டகங்களும் மேய்வதற்குச் சில மேய்ச்சல் நிலங்கள் ஹிமா என்ற பெயரில் பாதுகாக்கப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் நகீஃ பகுதியை அவ்வாறு அறிவித்திருந்தார்கள். உமர் (ரலி) ஷரஃப், ரபதா பகுதிகளை அறிவித்து, ஹுனை என்ற தம் விடுதலை பெற்ற அடிமையை ஹிமாவின் பொறுப்பாளராக்கினார்கள்.

அவருக்குச் சொன்ன அறிவுரை புகாரியில் இருக்கிறது. சிறு மந்தைக்காரர்களை உள்ளே விட வேண்டும். உஸ்மான் இப்னு அஃப்ஃபான், அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் போன்ற செல்வர்களின் மந்தைகளை விடக் கூடாது. செல்வரின் கால்நடை அழிந்தால் அவருக்குப் பேரீச்சந்தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையின் நாலு ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாசலில்தான் வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் நீரும் கொடுப்பது எளிது. இந்த உத்தரவில் பெயர் குறிப்பிடப்பட்ட இருவரும் சுவனத்துக்கு நன்மாராயம் கூறப்பட்டவர்கள், கலீஃபாவின் நெருங்கிய தோழர்கள். பொது நிலத்தில் நட்புக்குச் சலுகை இல்லை.

அந்த நிலத்தை வேலியிட்டதில் அப்பகுதி மக்களுக்கு மனக்குறை இருந்ததையும் உமர் (ரலி) மறைக்கவில்லை. அறியாமைக் காலத்தில் அவர்கள் போராடிக் காத்த மண் அது, இஸ்லாத்தை ஏற்றபோதும் அவர்களுடைய மண்ணே. அல்லாஹ்வின் பாதைக்கான கால்நடைகள் இல்லாவிட்டால் அதில் ஒரு சாண்கூட எடுத்திருக்க மாட்டேன் என்ற பொருளில் சொன்னார்கள். கூடவே, அநீதிக்குள்ளானவனின் துஆவுக்கு அஞ்சும்படி ஹுனைக்கு எச்சரித்தார்கள்.

பஞ்சம் கற்றுத் தந்தது

ஹிஜ்ரி 18இல் ஹிஜாஸில் மழை பொய்த்தது. மண் சாம்பலாகப் பறந்த அந்த ஆண்டு ஆமுர் ரமாதா, சாம்பல் ஆண்டு எனப் பெயர் பெற்றது. மக்களுக்குக் கிடைக்காத நெய்யும் பாலும் தமக்கும் வேண்டாம் என்று உமர் (ரலி) ஒதுக்கிவிட்டார்கள். எகிப்திலிருந்தும் ஷாமிலிருந்தும் தானியம் வரவழைத்தார்கள். நைல் நதியிலிருந்து செங்கடலோரத்து குல்ஸும் வரை கால்வாயைத் தூர்வாரித் திறக்க அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு ஆணையிட்டார்கள். அமீருல் மூமினீன் கால்வாய் என்ற பெயர் பெற்ற அதன் வழியே எகிப்தின் தானியம் கப்பலில் ஹிஜாஸ் வந்தது. பஸ்ராவின் உப்பு மண்ணையும் தண்ணீர்க் கஷ்டத்தையும் அஹ்னஃப் இப்னு கைஸ் எடுத்துரைத்தபோது, அங்கும் கால்வாய் வெட்ட உத்தரவு போனது.

எகிப்து நிலத்தைப் படைவீரர்கள் வாங்கி உழுவதை மட்டும் அவர்கள் அனுமதிக்கவில்லை. வீரர்களுக்கு ஊதியம் பைத்துல்மாலிலிருந்து வருகிறது, நிலம் உழவர்களிடமே இருக்கட்டும் என்பது கொள்கை. ஆயுதம் ஏந்தியவன் நிலத்துக்கும் சொந்தக்காரனானால் உழவனுக்கு யார் பாதுகாப்பு?

கடைசிக் கேள்வியும் நிலம் பற்றியதே

ஹிஜ்ரி 23 துல்ஹஜ் மாதம் (கி.பி. 644). மதீனாவில் உமர் (ரலி) ஹுதைஃபா, உஸ்மான் இப்னு ஹுனைஃப் இருவரையும் நிறுத்தி விசாரித்தார்கள். நிலத்தின் மீது அதனால் தாங்க முடியாத சுமையை ஏற்றிவிட்டீர்களா என்பதே கேள்வி. தாங்கக்கூடிய அளவே என்று இருவரும் சொன்னார்கள். மீண்டும் யோசித்துப் பாருங்கள் என்று வலியுறுத்தினார்கள். அல்லாஹ் ஆயுளைத் தந்தால், தமக்குப் பின் இராக்கின் விதவைகள் எந்த மனிதரிடமும் கையேந்தத் தேவையில்லாதபடி செய்துவிட்டுப் போவேன் என்றார்கள். நான்காம் நாள் ஃபஜ்ர் தொழுகையில் அபூலூலூவின் கத்தி அவர்களைக் குத்தியது.

மரணப் படுக்கையில் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். 86,000 அளவுக்கு இருந்தது. தம் குடும்பச் சொத்திலிருந்தே அதை அடைக்க மகனுக்கு உத்தரவிட்டார்கள். அடுத்த கலீஃபாவுக்கு விட்டுச்சென்ற வஸிய்யத்தில், கிராமப்புற அரபுகளிடம் மிகுதியானதை மட்டும் எடுத்து அவர்களின் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும், ஒப்பந்தக் குடிமக்களை அவர்களின் சக்திக்கு மேல் சுமக்க வைக்கக் கூடாது என்று சொன்னார்கள். கோடிக்கணக்கான ஜரீப் நிலத்தை அளக்க வைத்தவர்கள், ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டுப் பெற்ற சிறு இடத்தில் நபி (ஸல்) அவர்களுக்கும் அபூபக்ர் (ரலி) அவர்களுக்கும் அருகே அடக்கமானார்கள்.

நமக்கான படிப்பினை

நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் முன்னோர் எழுதிவைத்த நஞ்சை, புஞ்சை, தோப்புகள் எல்லாம் கைபரில் உமர் (ரலி) நிறுத்திவைத்த அந்த நிலத்தின் வழித்தோன்றல்களே. அவற்றை நிர்வகிப்பவர்கள் இன்றைய ஜமாஅத்துக்கு மட்டுமல்ல, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். குறைந்த குத்தகைக்கு வேண்டியவருக்குக் கொடுப்பதும், ஆவணங்களைப் பேணாமல் ஆக்கிரமிப்புக்கு விடுவதும், உழாமல் முள் மண்ட விடுவதும் அந்த அமானிதத்தை வீணாக்குவதாகும்.

சொந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. விளையும் வயலில் கல் நட்டு மனைகளாக்குமுன், வாய்க்காலை மண் போட்டு மூடுமுன், ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை வளைக்குமுன், உமர் (ரலி) தம் சபையில் எழுப்பிய கேள்வியை ஒருமுறை நமக்குள் கேட்டுப் பார்க்கலாம்: நமக்குப் பின் வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும்?

நிலத்தை அமானிதமாகப் பேணி, அதைப் பின்வருவோரிடம் குறைவின்றி ஒப்படைக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.